பெரலில் எண்ணெய் கலந்தால் ஹோஸில் தண்ணீர் வேகமாக ஓடுமா?

கந்தப்பளை லீக்ஸ்

வணக்கம். வீட்டில் மாமாவுக்கும் எனக்கும் ஒரு வாரமாக வாக்குவாதம். தீர்த்து வையுங்கள்.

லயத்துக்கு மேலே பீலித் தண்ணீர் வந்து விழும் இடத்தில் 200 லீற்றர் நீலப் பெரல் ஒன்று வைத்திருக்கிறோம். அதிலிருந்து அரை அங்குல ஹோஸ் 120 மீற்றர் கீழே வருகிறது. இறக்கம் 18 மீற்றர், மட்டம் பிடித்து அளந்தேன். பூச்சி கண்டால் மேலேயே பெரலில் வேப்பெண்ணெய் 2 லீற்றரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுக் கலக்கி விடுவோம். கீழே லீக்ஸ் பாத்தியடியில் நின்று முதுகு ஸ்ப்ரேயருக்கு நிரப்பிக்கொள்வோம். சுமந்து ஏற வேண்டியதில்லை.

மாமா சொல்கிறார், எண்ணெய் கலந்த நாளில் ஸ்ப்ரேயர் கான் சீக்கிரம் நிரம்புகிறதாம். "எண்ணெய் வழுக்கிக்கிட்டுப் போகுதுடா" என்கிறார். நான் சிரித்தேன். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவன் அல்லவா! பிறகு 20 லீற்றர் வாளியும் போனுமாக அளந்து பார்த்தேன்.

வெறும் தண்ணீர்: 148, 149, 147 செக்கன்.
எண்ணெய் கலந்தது: 143, 143, 144 செக்கன்.

மாமா இப்போது வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எண்ணெய்த் துளி உண்மையிலேயே உராய்வைக் குறைக்குமா?

ராகலை ரவுண்டு

இதில் என்ன சந்தேகம்? அடுப்படியில் எண்ணெய் கொட்டின இடத்தில் ஒருதரம் நடந்து பாருங்கள். மாமா சொன்னதுதான் சரி.

பொறியியல் மூன்றாம் வருடம்

பேராதனையிலிருந்து எழுதுகிறேன். பாய்ம இயக்கவியல் பரீட்சை முடித்து இரண்டு வாரம்தான், அதனால் கை துறுதுறுக்கிறது.

ரவுண்டு அண்ணே, அடுப்படித் தரையில் எண்ணெய் ஒரு படலமாகக் காலுக்கும் தரைக்கும் நடுவே நிற்கிறது. பெரலில் அப்படி இல்லை. சோப்புப் போட்டுக் கலக்கியதும் அது துளி துளியாக உடைந்து தண்ணீருக்குள் மிதக்கிறது, பால் மாதிரி வெள்ளையாகிறது. குழாய்ச் சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பது தண்ணீர்தான். (பாடப் புத்தகத்தில் இந்தக் கலவைக்குக் 'குழம்பு' என்று பெயர். வீட்டில் அப்படிச் சொன்னால் சோறு எங்கே என்று கேட்பார்கள், நான் எமல்ஷன் என்றே எழுதுகிறேன்.)

ஒரு திரவத்துக்குள் துளிகள் மிதந்தால் அதன் பிசுக்குமை, அதாவது ஓடவிடாத தடிப்பு, கூடும், குறையாது. திண்மத் துணிக்கைகளுக்கு ஐன்ஸ்டைன் 1906 இல் கணக்குப் போட்டார். முதலில் ஒரு பிழை விட்டு, பரிசோதனையோடு பொருந்தாமல், 1911 இல் திருத்தினார். திருத்திய கணக்கின்படி கனவளவில் 1 வீதம் துணிக்கை இருந்தால் பிசுக்குமை 2.5 வீதம் கூடும். திரவத் துளிகளுக்கு ஜி. ஐ. டெய்லர் 1932 இல் அதை விரித்தார். துளிக்குள் இருக்கும் திரவமும் சுழலும் என்பதால் உயர்வு கொஞ்சம் குறையும். உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிட மிகவும் தடிப்பானது என்றால் பழைய 2.5 தான். வேப்பெண்ணெய் தண்ணீரைவிடப் பல பத்து மடங்கு தடிப்பு. ஆகவே உங்கள் 200 லீற்றருக்கு 2 லீற்றர், அதாவது 1 வீதம், பிசுக்குமையை ஏறக்குறைய 2.5 வீதம் கூட்டியிருக்கும்.

அப்படியென்றால் ஓட்டம் 2.5 வீதம் குறையுமா? அதுவும் இல்லை. உங்கள் ஹோஸில் ஓடுவது கொந்தளிப்பான ஓட்டம், நேராக வழுக்கிப் போகாமல் சுழி சுழியாகக் கலங்கி ஓடுவது. 20 லீற்றர் 145 செக்கனில் என்றால் வேகம் செக்கனுக்கு 1.1 மீற்றர் வருகிறது, ஓட்டம் அமைதியா கொந்தளிப்பா என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண் 14,000 அளவில். 1883 இல் மான்செஸ்டரில் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாய்க்குள் சாயம் விட்டுப் பார்த்தாரே, அந்தச் சாய நூல் கலைந்து போகும் எல்லை 2,000 சொச்சம். நீங்கள் அதற்கு மிகவும் மேலே. அங்கே பிசுக்குமைக்கு மரியாதை குறைவு. கொந்தளிப்பில் குழாய் உராய்வைக் கணக்கிடும் பிளாசியஸ் சூத்திரப்படி ஒரே இறக்கத்தில் ஓட்டம் பிசுக்குமையின் ஏழில் ஒரு அடுக்குக்குத்தான் மாறும். 2.5 வீத மாற்றம் ஓட்டத்தில் 0.4 வீதம்கூடக் காட்டாது, 145 செக்கனில் அரைச் செக்கன். அதுவும் மெதுவாகும் பக்கம்.

ஆகவே 5 செக்கன் வேகமானதற்கு எண்ணெய் காரணமாக இருக்க முடியாது. ஒரு கேள்வி: இரண்டையும் எத்தனை மணிக்கு அளந்தீர்கள்?

கந்தப்பளை லீக்ஸ்

வெறும் தண்ணீரை விடியக்காலை ஆறரைக்கு, வேலைக்கு இறங்க முன். எண்ணெய் கலந்ததைப் பகல் ஒரு மணி போல. விடிய வேப்பெண்ணெய் போத்தலுக்குள் நெய் மாதிரி உறைந்து கிடக்கும், சுடுதண்ணீர் வாளியில் வைத்து இளக்கித்தான் ஊற்ற வேண்டும். அதனால் எப்போதும் வெயில் ஏறியபின்தான் கலக்குவோம். ஏன்?

பொறியியல் மூன்றாம் வருடம்

அங்கேதான் இருக்கிறது!

தண்ணீரின் பிசுக்குமை 15 பாகை செல்சியசில் 1.14 மில்லிபாஸ்கல் செக்கன், 25 பாகையில் 0.89. குளிர்ந்தது 28 வீதம் தடிப்பு. 1.28 இன் ஏழில் ஒரு அடுக்கு 1.035. அதாவது 3.5 வீதம். 148 செக்கனில் 3.5 வீதம் எவ்வளவு? 5 செக்கன்.

கறுப்பு ஹோஸ் 120 மீற்றர் வெயிலில் கிடக்கிறது, பெரலும் வெயிலில் நிற்கிறது. மாமா கண்டது சரி, காரணம்தான் வேறு. எண்ணெய் கலக்கிற நாள் எப்போதும் வெயில் ஏறிய நேரம்.

பட்டிப்பொலப் பால்காரி

பால் சேகரிக்கும் இடத்தில் வேலை. தம்பி எழுதியதைப் படித்ததும் எங்கள் குழாய்தான் ஞாபகம் வந்தது. பாலும் எண்ணெய்த் துளி மிதக்கும் தண்ணீர்தானே. 4 வீதம் கொழுப்பு என்றால் உங்கள் கணக்கில் பிசுக்குமை 10 வீதம்தான் கூட வேண்டும். ஆனால் பால் தண்ணீரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிப்பு என்றல்லவா பயிற்சியில் சொன்னார்கள்?

பொறியியல் மூன்றாம் வருடம்

நல்ல கேள்வி அக்கா. மிச்சத்தைக் கொழுப்புத் தலையில் கட்ட முடியாது. கேசீன் என்ற புரதத் திரள்களும் கரைந்திருக்கும் சீனியும் சேர்ந்து செய்கிற வேலை அது. கொழுப்பு எடுத்த பாலும் தண்ணீரைவிடத் தடிப்பாகத்தான் இருக்கும். பாலின் கொழுப்புத் துளி சில மைக்ரோமீற்றர் அளவு. கந்தப்பளை ஹோஸில் கணக்குப் போட்டால் கொந்தளிப்பின் மிகச் சின்னச் சுழியே 30 மைக்ரோமீற்றர் வருகிறது. சுழியைவிடத் துளி பத்து மடங்கு சிறிதென்றால், அது சுழியோடு சேர்ந்து சுற்றுமே தவிர எதிர்த்து ஒன்றும் செய்யாது. திரவம் கொஞ்சம் தடித்தது போலத்தான் தெரியும்.

வாட்டர்லூவில் ஒரு அட்டன்காரன்

தம்பியின் கணக்கு 1 வீத எண்ணெய்க்குச் சரி. ஆனால் "துளி கலந்தால் உராய்வு குறையாது" என்று இந்த இழையில் எழுதி முடித்துவிடாதீர்கள். மாமா அவ்வளவு லேசாகத் தோற்கிற ஆள் இல்லை.

கனடாவில் நான் இருக்கும் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ராஜிந்தர் பால் என்று ஒரு பேராசிரியர். வாழ்நாளெல்லாம் எமல்ஷன் ஆராய்ந்தவர், பெயர் பால், நம் ஆட்களுக்கு இதைவிட என்ன வேண்டும்! அவர் 1993 இல் எமல்ஷன்களைக் குழாயில் ஓட்டி அளந்ததை வெளியிட்டார். சோப்பு மாதிரிப் பொருள் போட்டு நிலைப்படுத்திய எமல்ஷன், கொந்தளிப்பிலும் சாதாரணத் திரவம் போலத்தான் நடந்தது. எதுவும் போடாமல், விட்டால் பிரிந்துவிடுகிற எமல்ஷனில் உராய்வு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது. எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளி மிதக்கும் வகையில் அந்தக் குறைவு இன்னும் பெரியது.

அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது. சோப்பு இல்லாத துளி ஓட்டத்துக்குள் நீள்கிறது, உடைகிறது, பக்கத்துத் துளியோடு சேர்கிறது, மறுபடி உடைகிறது. இந்தக் கூத்தில் கொந்தளிப்பு அடங்குகிறது. சோப்புப் போட்ட சின்னத் துளி இறுகிய குண்டு மாதிரி, நீளவும் மாட்டாது, சேரவும் மாட்டாது.

துளி எந்த அளவு வரை உடையும் என்பதற்கு ஹின்ஸே 1955 இல் ஒரு கணக்குத் தந்தார். கொந்தளிப்பு துளியைப் பிய்க்கப் பார்க்கும், மேற்பரப்பிழுவை சேர்த்துப் பிடிக்கப் பார்க்கும். இரண்டும் சமமாகிற இடத்தில் துளியின் பெரிய அளவு நிற்கும். அதைவிட மிகச் சிறிய துளி அவ்வளவாக வடிவம் மாறாது.

குமிழியில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் ஒரு உருளைக்குள் இன்னொரு உருளையைச் சுற்றவிட்டு நடுவில் உள்ள தண்ணீரைக் கொந்தளிக்க வைப்பார்கள். அதற்குள் கனவளவில் 4 வீதம் காற்றுக் குமிழி விட்டபோது இழுவை 40 வீதம் குறைந்தது. 2013 இல் வெளிவந்தது. 2016 இல் அதே கருவியில் பத்து லட்சத்துக்கு 6 பங்கு அளவு மேற்பரப்பிழுவை குறைக்கும் பொருளைச் சேர்த்தார்கள். குமிழிகள் பொடிப்பொடியாகின. காற்றின் அளவு மாறவில்லை. 40 வீதம் 4 வீதமாக விழுந்தது.

கந்தப்பளைத் தம்பி, உங்கள் பெரலில் சோப்பு எவ்வளவு போடுகிறீர்கள்?

கந்தப்பளை லீக்ஸ்

கை நிறைய அண்ணே. 😅 எண்ணெய் மேலே மிதந்தால் இலை கருகிப்போகும் என்று மாமாதான் கூடப் போடச் சொல்வார்.

வாட்டர்லூவில் ஒரு அட்டன்காரன்

அப்படியென்றால் மாமா தன் கட்சியைத் தானே தோற்கடித்திருக்கிறார்.

ராகலை ரவுண்டு

எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. எண்ணெய்க் கம்பனிகள் தடித்த எண்ணெயைக் குழாயில் அனுப்பத் தண்ணீர் கலப்பதாக எங்கேயோ வாசித்தேன். அங்கே மட்டும் எப்படி வேகமாகப் போகிறது?

பொறியியல் மூன்றாம் வருடம்

அது எதோடு ஒப்பிடுகிறோம் என்கிற விஷயம் அண்ணே. வெனிசுவேலாவில் ஒரிமல்ஷன் என்று ஒரு எரிபொருள் செய்தார்கள். 70 வீதம் தார் மாதிரியான பிற்றுமன், 30 வீதம் தண்ணீர். இத்தனை கூடத் தார் இருந்தும் துளியாக உள்ளே இருப்பது தார், வெளியே சுற்றியிருப்பது தண்ணீர். வெறும் தாரோடு ஒப்பிட்டால் அது ஓடுகிறது என்றே சொல்லலாம். வெறும் தண்ணீரோடு ஒப்பிட்டால் அது கூழ். சுவரைத் தொடுவது எது என்பதுதான் பாதிக் கதை.

துளியின் பங்கு கூடக் கூட இன்னொரு வேடிக்கை. ஓரளவு வரை எண்ணெய் சேர்க்கச் சேர்க்க இழுவை ஏறிக்கொண்டே போகும். பிறகு ஒரு கட்டத்தில் இடம் மாறிவிடும்: எண்ணெய் வெளியே, தண்ணீர் துளியாக உள்ளே. அந்தக் கணத்தில் இழுவையும் சட்டென்று மாறும். பால்காரி அக்காவுக்குத் தெரிந்திருக்கும், ஆடையைக் கடையும்போது வெண்ணெய் திரள்கிறதே, அதுவும் இந்த இடமாற்றம்தான். பாலில் கொழுப்பு தண்ணீருக்குள், வெண்ணெயில் தண்ணீர் கொழுப்புக்குள்.

பட்டிப்பொலப் பால்காரி

தெரியும் தம்பி, ஆனால் இப்படி யாரும் சொல்லித் தரவில்லை. ஆடை மிகவும் குளிர்ந்திருந்தாலும் திரளாது, சூடாக இருந்தாலும் திரளாது. மத்து கனத்துக்கொண்டே வந்து, திரண்டதும் கை சட்டென்று லேசாகிவிடும். நீங்கள் சொல்கிற 'சட்டென்று' அதுதான் போல.

அப்புத்தளைப் பனிமூட்டம்

இழையைக் கொஞ்சம் திருப்பலாமா? இங்கே தெற்குப் பள்ளத்தாக்கிலிருந்து முகில் ஏறி ரோட்டைக் கடந்து போகும். முகிலோடு வரும் காற்று கனமாக அடிப்பதாகப் பழைய ஆட்கள் சொல்வார்கள். முகிலும் தண்ணீர்த் துளிதானே. காற்றின் இழுவை மாறுமா?

பொறியியல் மூன்றாம் வருடம்

மாறாது. பனிமூட்டத்தில் ஒரு கன மீற்றர் காற்றுக்குள் இருக்கும் தண்ணீர் பெரும்பாலும் அரை கிராமுக்கும் குறைவு. அதே கன மீற்றர் காற்று உங்கள் உயரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இரண்டாயிரத்தில் ஒரு பங்கு திணிவு காற்றை என்ன செய்துவிடும்? கனமாக அடிப்பது குளிரும் ஈரமும் சட்டையை நனைப்பதும்.

வாட்டர்லூவில் ஒரு அட்டன்காரன்

பனிமூட்டத்துக்குச் சரி. புயலுக்குள் கடல் வேறு மாதிரி. காற்று கூடக் கூடக் கடல் மேற்பரப்பு கரடுமுரடாகும், இழுவையும் கூட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார்கள். புயலுக்குள் விமானத்திலிருந்து கருவிகளைப் போட்டு எடுத்த அளவுகளை வைத்து 2003 இல் ஒரு கட்டுரை வந்தது. செக்கனுக்கு 33 மீற்றர் அளவு வேகத்துக்குப் பிறகு இழுவைக் குணகம் ஏறுவதை நிறுத்திவிடுகிறது என்று அதில் காட்டினார்கள். காரணமாகச் சொல்லப்படுவதில் ஒன்று நுரையும் அலை உடைந்து தெறிக்கும் துளிகளும். பாரென்பிளாட் என்ற ரஷ்யக் கணிதவியலாளரும் கூட்டாளிகளும் 2005 இல் வாதிட்டது இது: பெரிய துளிகளை விழவிடாமல் தூக்கி வைத்திருக்கக் கொந்தளிப்பு தன் சக்தியைச் செலவழிக்கிறது, அதனால் கொந்தளிப்பு தளர்கிறது, காற்றுக்குத் தடை குறைந்து வேகம் எடுக்கிறது. ஒரு துளிக் கூட்டம் புயலுக்கு எண்ணெய் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் எல்லோரும் ஒத்துப்போகவில்லை, நானும் பாதிதான் நம்புகிறேன். ஆனால் 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்த சூறாவளியை நேரில் கண்ட பெரியப்பா, "கடலும் காற்றும் எதுவெதென்று தெரியாமல் ஒரே வெள்ளையாகக் கிடந்தது" என்று சொன்னதை இதை வாசித்தபோது நினைத்துக்கொண்டேன்.

கந்தப்பளை லீக்ஸ்

சரி, நேற்றும் இன்று ஞாயிறு விடியவுமாக ஒழுங்காக அளந்தேன். வாளியில் 20 லீற்றர் கோட்டைப் பெயின்டால் போட்டேன். பெரல் தண்ணீர் மட்டத்தை ஒரே அளவில் வைத்துத் தொடங்கினேன், மட்டம் கொஞ்சம் இறங்குவது 18 மீற்றருக்கு முன் ஒன்றுமில்லை.

நேற்றுப் பகல் ஒரு மணி, வெறும் தண்ணீர்: 143, 144, 143.
அதே நேரம், எண்ணெய் கலந்தது: 144, 143, 144.
மிச்சத்தை அப்படியே விட்டு இன்று விடிய, எண்ணெய் கலந்தது: 149, 148, 149.

(விடிய அளந்தது நேற்றுக் கலந்தது. ஒரு மணிக்கு அளந்தது புதிதாகக் கலந்தது. இரண்டும் அதே அளவு எண்ணெய்.)

மாமாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப குளிர் தண்ணி தடிப்பாங்கிற" என்றார். ஆமாம் என்றேன். "அதான் விடிய பீலியில குளிக்க ஒரு மாதிரி இருக்கு" என்றார். இதற்கு யாரும் கணக்குப் போட வேண்டாம்.

ஒரு கேள்வி மிச்சம். உண்மையிலேயே உராய்வைக் குறைக்கிற ஒன்றைப் பெரலில் போட முடியுமா? மாமா தோற்றுப் போனதில் எனக்கே கொஞ்சம் மனசு கஷ்டமாக இருக்கிறது.

வாட்டர்லூவில் ஒரு அட்டன்காரன்

முடியும். துளி இல்லை, நீண்ட மூலக்கூறு. டோம்ஸ் என்பவர் 1948 இல் அறிவித்தார்: பல்பகுதியம் மிகச் சிறிய அளவு கரைத்தால் கொந்தளிப்பு உராய்வு பெரிதாக விழும். பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு போதும், நல்ல நிலையில் 80 வீதம் வரை குறையும். அலாஸ்கா எண்ணெய்க் குழாயில் 1979 முதல் பயன்படுத்தினார்கள். அதற்கும் முன்னமே நியூயோர்க் தீயணைப்புக்காரர்கள் ஹோஸ் தண்ணீரில் கலந்து பார்த்தார்கள். கொந்தளிப்பு சுழியைச் சுற்றும்போது இந்த நூல் நீண்டு இழுத்துப் பிடிக்கிறது.

இயற்கையிலும் இருக்கிறது. மீனின் வழுவழுப்பு, கொத்தவரைப் பிசின், வெண்டைக்காய்ப் பசை.

ஒன்று கவனம், ஓட்டம் அமைதியாக இருந்தால் இது வேலை செய்யாது, கொந்தளிப்பு இருந்தால்தான். உங்கள் ஹோஸில் இருக்கிறது.

ராகலை ரவுண்டு

வெண்டைக்காயா? 😂 கந்தப்பளைக் குளிரில் அது காய்க்காதே.

பட்டிப்பொலப் பால்காரி

தம்பி, ஒரு வார்த்தை. எதைப் போட்டாலும் ஹோஸ் முனை பெரலுக்குள் இருக்கட்டும், பீலிக்குள் போகவே கூடாது. கீழே நாலு வீடு அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

கந்தப்பளை லீக்ஸ்

பீலித் தண்ணீர் மேலிருந்து பெரலுக்குள் விழுகிறது அக்கா, நடுவில் ஒரு முழம் இடைவெளி. பயம் இல்லை.

சந்தையில் கால் கிலோ வெண்டைக்காய் வாங்கி வந்தேன். நறுக்கி இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடித்து வைத்திருக்கிறேன். மாமி சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பகல் கறிக்கு எங்கே காய் என்று கேட்கிறார். மாமா வாளியும் போனும் எடுத்துக்கொண்டு முதலே மேலே ஏறிவிட்டார். வெறும் தண்ணீரை அளந்து வைத்திருப்பாராம், ஒரு மணிக்கு.

பொறியியல் மூன்றாம் வருடம்

பெரலில் போட்டு மெதுவாகக் கிளறுங்கள், வேகமாக அடித்தால் அந்த நூல்கள் அறுந்துவிடும். ஹோஸ் வாயில் வலை இருந்தால் ஒருதரம் கழுவிப் போடுங்கள், இல்லாவிட்டால் அடைப்பைத்தான் அளப்பீர்கள்.

கந்தப்பளை லீக்ஸ்

வலையைக் கழற்றியாகிவிட்டது. பின்னேரம் எழுதுகிறேன்.